டாக்டர் லம்ப்ரினி எழுதிக் கொடுத்த சான்று

லம்ப்ரினி டூசியா மனநல மருத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னபோது, அவளுடைய அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டார். கிரீஸ் நாட்டில், யானினாவிலிருந்து ஆர்ட்டா போகிற பஸ். வழக்கம்போல மழை. கண்ணாடி துடைப்பான் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"புள்ள, கண்ணைப் படி. எலும்பைப் படி. கொழந்தைகளுக்கு ஊசி போடப் படி. பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குறவளை எவன் கட்டுவான்?"

பின்னால் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர், "ஸ்பீரோ, அவ கட்டட்டும், கட்டாம போகட்டும். எனக்கு ஆர்ட்டாவுல பல்லு பிடுங்கணும். வண்டிய எடு" என்றார்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் தெசலோனிகிக்குப் படிக்கப் போனாள். கல்யாண விஷயத்தில் அப்பா சொன்னபடிதான் ஆயிற்று. ஆனால் அதற்குப் படிப்பு காரணமில்லை. கேட்டவர்களிடம் அவள் காரணம் எதுவும் சொன்னதில்லை. சில வருஷங்களில் கேட்பவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

படிப்பு முடிந்ததும் முதல் வேலை வடக்கே ஒரு பெரிய மனநோய் விடுதியில். ஊரும் உறவும் வேண்டாம் என்று ஒதுக்கியவர்களையெல்லாம் அந்தக் காலத்தில் அங்கேதான் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு கூடத்தில் நாற்பது கட்டில்கள். அங்கே ஸ்டமாட்டா என்று ஒரு பெண். இருபதுகளில் வந்தவளுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. பேசமாட்டாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தீராத மனநோய் என்று முதல் வருஷம் ஒரு மருத்துவர் எழுதியிருந்தார். அதற்கடுத்த ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மருத்துவர் அதன் கீழே 'மாற்றமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். முதலில் எழுதியவர் அவளைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.

ஒருநாள் மதியம் சூப் பாத்திரத்தின் மூடி தரையில் விழுந்தது. கூடமே துள்ளி எழுந்தது. ஸ்டமாட்டா மட்டும் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். லம்ப்ரினி அவளுக்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டினாள். மூடியை எடுத்து மறுபடியும் போட்டாள். ஸ்டமாட்டா ஒரு சுளையைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது. வேறு எந்த நோயும் அவளுக்கு இல்லை.

லம்ப்ரினி சண்டை போட்டு, எழுதியிருந்ததை மாற்ற வைத்தாள். இடத்தை மாற்ற முடியவில்லை. அவளை அங்கே கொண்டுவந்து விட்டுப்போன அண்ணன் இறந்திருந்தான். அண்ணன் மகன் கதவைத் திறக்கவில்லை. ஸ்டமாட்டா அதே கூடத்தில், அதே கட்டிலில், நோய் இல்லாதவளாக மேலும் ஒன்பது வருஷம் இருந்து செத்தாள்.

யானினாவில் பல்கலைக்கழக மருத்துவமனை வந்தபோது லம்ப்ரினி ஊருக்குத் திரும்பினாள். காலையில் வார்டு, மதியத்துக்கு மேல் மாணவர்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் ஸ்டமாட்டாவின் கதையைச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, "நேரா உக்காந்து பாக்காத மனுஷனைப் பத்தி ஒரு வார்த்தை எழுதாதீங்க. ஒரு வார்த்தை சொல்லவும் சொல்லாதீங்க. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கிட்டா பாதி டாக்டர் ஆயிட்டீங்க" என்பாள். பரீட்சையில் எதை மறந்தாலும் மாணவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

அந்த வார்த்தைதான் தொலைக்காட்சியிலும் அவளை ஊரறிய வைத்தது. தனியார் சேனல்கள் புதிதாக வந்த நேரம். ஏதென்ஸில் ஒரு கொலை. கைதானவர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு சேனல் லம்ப்ரினியைக் கூப்பிட்டு உட்கார வைத்தது.

"டாக்டர், உங்க பார்வையில இந்த ஆள் மனநோயாளிதானே?"

"எனக்குத் தெரியாது. நான் அவரைப் பாத்ததில்லை."

"இப்பத்தான் வீடியோ காட்டினோமே."

"வீடியோவுக்கு நான் வைத்தியம் பாக்குறதில்லை."

நாடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. இனி யாரும் நம்மைக் கூப்பிடமாட்டார்கள் என்று அவள் நிம்மதியாக ஊர் திரும்பினாள். நடந்தது வேறு. பத்திரிகைக்காரர்களின் சங்கம் ஒன்று, மனநோயையும் தற்கொலையையும் பற்றி எப்படி எழுதுவது என்று யோசனை கேட்டு வந்தது. ஒரு தொடர் நாடகக் குழு தங்கள் மருத்துவமனைக் காட்சிகளைச் சரிபார்க்கச் சொன்னது. வெள்ளை அங்கி போட்ட நோயாளிப் பெண் ஜன்னலில் நின்று சிரிப்பதாக எழுதியிருந்தார்கள். "எங்க வார்டுல யாரும் ஜன்னல்ல நின்னு சிரிக்கிறதில்ல. சிகரெட் இருக்கான்னு கேப்பாங்க" என்றாள். அதையே படமாக்கினார்கள். செய்தி ஆசிரியர்களுக்கு அவள் வகுப்பு எடுத்தாள். எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள், எந்த இடம் என்று காட்டாதீர்கள், ஒரே ஒரு காரணத்தைத் தூக்கித் தலைப்பில் வைக்காதீர்கள், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் முடிக்காதீர்கள். பாதிப் பேர் கேட்டார்கள். அதுவே பெரிய விஷயம் என்று அவள் நினைத்தாள்.

இதற்கெல்லாம் பிறகு வந்ததுதான் உள்ளூர் வானொலி. வியாழக்கிழமை சாயங்காலம் ஊரார் தொலைபேசியில் கேள்வி கேட்பார்கள், டாக்டர் பதில் சொல்வாள். நடத்துபவன் மெனெலாவோஸ் கோகோஸ். யானினாவில் அவன் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. காலையில் மீன் விலையும் மலைப்பாதையில் பனி விழுந்த சேதியும் அவன்தான் சொல்வான். கிளாரினெட் இசைத்தட்டுகள் என்றால் உயிர். கல்யாணம் ஆகவில்லை. தங்கை அந்தூலா விதவை. ஏரிக்குப் பின் தெருவில் கீழ்வீட்டில் அவள், மாடியில் அவன்.

ஒலிபரப்பில் அவன் "டாக்டர், நீங்க" என்பான். சிவப்பு விளக்கு அணைந்ததும் "நீ, வா, போ" ஆகிவிடும்.

ஒருமுறை ஒரு அம்மாள் கூப்பிட்டு, தன் புருஷன் தினமும் கோழிகளோடு பேசுவதாகச் சொன்னாள்.

"கோழி பதில் சொல்லுதாம்மா?" என்று மெனெலாவோஸ் கேட்டான்.

"இல்ல."

"உங்ககிட்ட பேசுறாரா?"

"எங்க பேசுறாரு. அதுக்குத்தானே கூப்பிட்டேன்."

"டாக்டர், இதுல நோயாளி யாரு?"

"பதில் சொல்லாத கோழிகிட்ட அவர் பேசுறாருன்னா, வீட்டுல என்ன பதில் கிடைச்சுதுன்னு மொதல்ல கேக்கணும்" என்றாள் லம்ப்ரினி. அந்த அம்மாளே விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வாரம் புருஷனையும் கூட்டிக்கொண்டு வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தாள். அவருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருந்தது.

இப்படிப் பதினோரு வருஷம். குறுக்கே பேசுவதில் மெனெலாவோஸை மிஞ்ச ஆள் இல்லை. அவள் ஒரு விஷயத்தைக் கோவையாகச் சொல்லிக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு வேடிக்கையை நுழைப்பான். அவள் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதிப்பாள்.

பிறகு நாட்டுக்குப் பொருளாதார நெருக்கடியின் மோசமான வருஷங்கள் வந்தன. சம்பளத்தைப் பாதியாக வெட்டினார்கள், கடைகள் சாத்தின, வாலிபர்கள் ஜெர்மனிக்குப் போனார்கள். நிகழ்ச்சிக்கு அழைப்புகள் குவிந்தன. அந்தக் குளிர்காலத்தில் மெனெலாவோஸ் குறுக்கே பேசுவதை நிறுத்திவிட்டான். கேள்வியை வாங்கி அவளிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்பான். அவள் நிதானமாக, முழுதாகப் பேச முடிந்தது. நிகழ்ச்சி இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்று ஊரார் எழுதினார்கள்.

"இப்பத்தான் நீ ரேடியோ கத்துக்கிட்ட" என்றாள் அவள் ஒருநாள், விளக்கு அணைந்த பிறகு.

அவன் கோட்டை மாட்டிக்கொண்டே சிரித்தான். "நீ பேசு. நீ பேசினா நல்லாத்தான் இருக்கு."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வார்டில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வானொலி நிலையத்தின் இயக்குநர் கோஸ்மாஸ் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"டாக்டர், மெனெலாவோஸ் போயிட்டான்."

"எங்க?" என்று கேட்டாள் அவள்.

மறுமுனையில் அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. அவன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டிருந்தான். அவள் அங்கேயே ஒரு நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்த நோயாளி சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

அவள் நிலையத்துக்குப் போனபோது, ஏதென்ஸிலிருந்து ஒரு சேனல் ஏற்கெனவே கூப்பிட்டிருந்தது. கேமராவோடு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 'நெருக்கடி தின்ற குரல்' என்று தலைப்புகூட வைத்துவிட்டார்களாம். கோஸ்மாஸ் கண்களைத் துடைத்துக்கொண்டே, நாள் முழுக்க ஒலிபரப்பப் போகிற அஞ்சலிக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் கோஸ்மா" என்றாள் அவள். "மெனெலாவோஸ் கோகோஸ் தற்கொலை செஞ்சுக்கிட்டார்னு சொல்லு. அந்த வார்த்தையை மறைக்காத. அதுக்கு மேல போகாத. உதவி வேணும்னா கூப்பிட நம்பர் கொடு."

"அவ்வளவுதானா? தினம் காலையில இந்த ஊரை எழுப்பி விட்டவனுக்கு ரெண்டு வரியா?"

"ரெண்டு வரிதான்."

"காரணம் ஊருக்கே தெரியும், டாக்டர். சம்பளத்தை வெட்டினோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"உனக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒன் சம்பளத்தையுந்தான் வெட்டினாங்க. நீ இருக்க. ஒரே காரணம்னு சொன்னா, அதே காரணத்தோட வீட்டுல உக்காந்திருக்குற ஒருத்தன் கேட்டுக்கிட்டிருப்பான்."

இதை அவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள், எத்தனையோ ஆசிரியர்களிடம். தெரிந்த ஒருவனுக்காகச் சொல்வது இதுதான் முதல் தடவை. கோஸ்மாஸ் கடைசியில் அவள் சொன்னபடியே செய்தான். செய்தி வாசித்த பெண் இரண்டு வரியையும் வாசித்து, நம்பரையும் சொல்லிவிட்டு, மீன் விலைக்குப் போனாள். லம்ப்ரினி அதை ஒலிபரப்பு அறைக்கு வெளியே நின்று கேட்டாள். சரியாக இருந்தது. சகிக்க முடியவில்லை.

மறுநாள் அந்தூலா பல்கலைக்கழகத்துக்கே வந்தாள். கூடவே அவர்கள் பேட்டைக் கோயிலின் ஃபாதர் நெக்டாரியோஸ். கருப்புத் துணியில் அந்தூலா இன்னும் சிறியவளாகத் தெரிந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். பாதிரியார்தான் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், இந்த மாதிரி சாவுக்குக் கோயில்ல பூசை வைக்க ஆயர்கிட்ட அனுமதி வாங்கணும். அவருக்கு நோய் இருந்துச்சு, புத்தி தன் வசத்துல இல்லன்னு ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தா அனுமதி வந்துரும்."

"அவனுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் யாரு?"

"யாரும் இல்ல" என்றாள் அந்தூலா. "ஜுரத்துக்குக்கூட எவன்கிட்டயும் போகமாட்டான்."

"நான் அவனுக்கு டாக்டரா இருந்ததில்ல, அந்தூலா. சேந்து வேலை பாத்தேன். அவ்வளவுதான்."

"ரெண்டு வரி போதும்" என்றார் பாதிரியார். அவர் நல்ல மனிதர். இதைக் கேட்க அவருக்கே கூச்சமாக இருந்தது. "எல்லாரும் எழுதித் தர்றாங்க. யாரும் ஆழமாப் படிக்கிறதில்ல. அந்தம்மாவுக்காகத்தான் கேக்குறேன்."

அந்தூலா தலையைத் தூக்கினாள். "வெறும் மண்ணைத் தள்ளி மூடச் சொல்றீங்களா, டாக்டர்? சாமி பாட்டு இல்லாம, மணி அடிக்காம?"

கதவுக்கு வெளியே அடுத்த வகுப்புக்கான மாணவர்களின் பேச்சுச் சத்தம். லம்ப்ரினி எழுந்து போய் இன்று வகுப்பு இல்லை என்று சொல்லி அனுப்பினாள். இருவரையும் பக்கத்து அறையில் உட்கார வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, ஒரு தாளை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

பொய் எழுதப் போகிறோம் என்றுதான் உட்கார்ந்தாள். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, பரிசோதிக்காத ஒருவனைப் பற்றி. ஒரு தங்கைக்காகச் செய்யலாம், இரண்டே வரி, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

'கடுமையான மனச்சோர்வு' என்று எழுதினாள். அதற்கு ஆதாரம் ஒன்று வேண்டும். எந்தச் சான்றிலும் அப்படித்தான் எழுதுவாள். எடை குறைந்திருந்தது என்று போட்டாள். போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தினாள். உண்மைதான். அக்டோபரிலிருந்து அவன் கோட்டு தோளில் தொங்கியது. பழைய கோட்டு என்று அவள் நினைத்திருந்தாள். காபியில் இரண்டு வாய் குடித்துவிட்டு வைத்துவிடுவான். விடியற்காலையில் முழித்துக்கொள்கிறேன், வேறு வேலை இல்லை, சீக்கிரம் வந்துவிட்டேன் என்பான். டிசம்பரில் தன் கிளாரினெட் தட்டுகளையெல்லாம் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து நிலையத்தின் ஒலிப்பதிவுக்காரரிடம் கொடுத்தான். வீட்டில் ஈரம், இங்கே பத்திரமாக இருக்கும் என்றான். அவள் அந்தப் பெட்டிகளைத் தூக்க ஒரு கை கொடுத்தாள். வேடிக்கை பேசுவது நின்றது, பேச்சே குறைந்தது, கேட்ட கேள்விக்குப் பதில் வரச் சற்று நேரம் பிடித்தது.

எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. தேதி வாரியாக வந்தது. இரண்டாம் வருஷத்து மாணவன் ஒருவன் இதைப் பரீட்சையில் படித்தால் ஒரு நிமிஷத்தில் விடை எழுதிவிடுவான். பொய் என்று நினைத்துத் தொடங்கிய சான்றில் ஒரு பொய்கூட இல்லை. ஒன்றரைப் பக்கம் ஆகியிருந்தது. கீழே கையெழுத்துப் போட்டபோது, இத்தனை வருஷங்களில் இவ்வளவு சரியான சான்று எதையும் எழுதியதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

உறையில் போட்டு ஒட்டிப் பாதிரியாரிடம் கொடுத்தாள். அந்தூலா அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். லம்ப்ரினியால் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, விட்டுவைக்கவும் முடியவில்லை.

அனுமதி வந்தது. மணி அடித்தது. கோயிலுக்குள் இடமில்லாமல் ஊர் முற்றத்தில் குடை பிடித்து நின்றது. செத்தவரைப் பற்றிப் பேசும்போது, 'கடவுள் அவனை மன்னிக்கட்டும்' என்பது இங்கே எல்லார் வாயிலும் வருவதுதான். அன்றைக்கு அதைச் சொல்லத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு பிராந்தியும் கசப்புக் காபியும் கொடுத்தார்கள். மெனெலாவோஸ் சொன்ன வேடிக்கைகளை யாரோ சொல்ல, யாரோ சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அந்த வியாழக்கிழமை நிகழ்ச்சியை அவள் தனியாக நடத்தினாள். வேண்டாம் என்று கோஸ்மாஸ் சொல்லியும் கேட்கவில்லை. அழைத்தவர்களில் பலர் கேள்வி கேட்கவே இல்லை, அழுதார்கள். சிலர் காரணம் கேட்டார்கள். தெரியாது என்றாள். மலைப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது, கரடுமுரடாக, கோபமில்லாமல்.

"டாக்டர், அவரு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்லம்மா."

"நீங்க கேட்டீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கோஸ்மாஸ் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். லம்ப்ரினி வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"இல்லம்மா. கேக்கல."

"ம்" என்றாள் அந்தப் பெண். "எங்க வீட்டுல ஒருத்தரு இருக்காரு. நான் இன்னைக்குக் கேக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாற்பதாம் நாள் நினைவுப் பூசை முடிந்து, கோயிலில் அவித்த கோதுமையைச் சர்க்கரையும் மாதுளையும் கலந்து பொட்டலமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அந்தூலா. லம்ப்ரினியின் முறை வந்தபோது பொட்டலத்தை நீட்டாமல் நிறுத்திக்கொண்டாள்.

"ஃபாதர் சொன்னாரு, நீங்க நெறைய எழுதியிருந்தீங்களாம். ரெண்டு வரி கேட்டதுக்கு ஒன்றரைப் பக்கம். அவனை எவ்வளவு நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காங்கன்னு சொன்னாரு."

லம்ப்ரினி நீட்டிய கையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது ஆயருக்காக எழுதினதா? இல்ல நெஜமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் பொய்தான் இரக்கம் என்று யோசித்தும் பார்த்தாள். "நெஜந்தான்" என்றாள்.

"சாப்பிடலன்னு நானும் பாத்தேன். பல்லு வலின்னு நெனச்சேன். நான் ஆறாவதோட நிறுத்தினவ." குரல் உயரவில்லை. "நீங்க அதுக்குத்தானே படிச்சீங்க?"

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவாள். லம்ப்ரினி தொலைபேசியில் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு லம்ப்ரினியும் விட்டுவிட்டாள்.

அந்த இலையுதிர் பருவத்தில் புது மாணவர்கள் வந்தார்கள். முதல் வகுப்பில் வழக்கம்போல ஸ்டமாட்டாவின் கதையைத் தொடங்கினாள். ஆரஞ்சுப் பழம் வரைக்கும் வந்தாள். 'நேரா உக்காந்து பாக்காத மனுஷனைப் பத்தி' என்று வாய் எடுத்தவள் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். எங்கிருந்தோ வந்த மாணவர்கள், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பேனாவோடு காத்திருந்தார்கள். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று அனுப்பிவிட்டாள். அடுத்த வருஷத்திலிருந்து அந்த முதல் வகுப்பைத் தன் உதவிப் பேராசிரியரிடம் கொடுத்துவிட்டாள். அவர் அந்தக் கதையை அவளைவிட நன்றாகவே சொன்னார்.

வானொலியை அதற்கு முன்பே, அந்தக் கோடையோடு நிறுத்தியிருந்தாள். தொலைக்காட்சிக்காரர்கள் கூப்பிட்டால், வேறு இரண்டு பேரின் பெயரைச் சொன்னாள். வார்டையும் வெளிநோயாளிப் பிரிவையும் மட்டும் வைத்துக்கொண்டாள். நோயாளிகள் குறை சொல்லத் தொடங்கினார்கள்: டாக்டர் ஒவ்வொருவரையும் ரொம்ப நேரம் பார்க்கிறாள், கேட்டதையே கேட்கிறாள், காத்திருந்து கால் மரத்துப் போகிறது என்று. அது உண்மைதான். நிதானம் போய்விட்டது, யாரையும் வீட்டுக்கு அனுப்ப அவளுக்குப் பயமாக இருந்தது. சக மருத்துவர் ஒருவரிடம் அவளே போய் உட்கார்ந்து, கொஞ்ச காலம் மாத்திரையும் சாப்பிட்டாள். அதை யாரிடமும் மறைக்கவில்லை.

மெனெலாவோஸ் இறந்த மறு வருஷம் மார்ச்சில், காத்திருப்போர் வரிசையில் அந்தூலா உட்கார்ந்திருந்தாள். முன்கூட்டிச் சொல்லவில்லை, எல்லாரையும்போலப் பெயர் கொடுத்துவிட்டுக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவள் முறை வந்ததும் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"தூக்கம் இல்ல. சோறு இறங்கல. வேற டாக்டர்கிட்ட போனேன், நல்லவருதான். ஆனா அவருக்கு அவனைத் தெரியாது. எல்லாத்தையும் மொதல்லேருந்து சொல்லணும். என்னால முடியல."

லம்ப்ரினி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்து, நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"என்மேல கோவம் போயிருச்சா?"

"இல்ல."

"சரி. எத்தனை மாசமாத் தூக்கம் இல்ல?"

அந்தூலா சொன்னாள். எடை, பசி, காலையில் எழும்போது மனம் எப்படி இருக்கிறது, கோயிலுக்குப் போகிறாளா, யாரோடு பேசுகிறாள் என்று ஒவ்வொன்றாக லம்ப்ரினி கேட்டுக்கொண்டு வந்தாள். மாடியைப் பூட்டியே வைத்திருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கீரைப் பணியாரம் சுடும்போது இரண்டு பேருக்குச் சுட்டுவிட்டு, மிச்சத்தைத் தூக்கிப் போடுகிறாளாம். அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். லம்ப்ரினி அவசரப்படுத்தவில்லை. அழுகை ஓய்ந்ததும் கேட்டாள்.

"அந்தூலா, செத்துப் போயிடலாம்னு தோணுதா?"

அந்தூலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. யாராவது கேட்பார்களா என்று இருந்தவள்போல இருந்தது.

"சில நாள் தோணுது."

"எப்பெப்பத் தோணுதுன்னு சொல்லு. இங்கயே உக்காந்து பேசுவோம்."

வெளியே வரிசை நீண்டது. தாதி இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள். அன்றைக்கே வார்டில் அந்தூலாவுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். மே மாதம் வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு நாலு வருஷம், லம்ப்ரினி ஓய்வு பெறுகிற வரைக்கும், மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்தாள். அவர்கள் சிநேகிதிகள் ஆகவில்லை. மெனெலாவோஸைப் பற்றிப் பேசினார்கள், பேசாமலும் இருந்தார்கள். ஒருநாள் அந்தூலா மாடிக் கதவைத் திறந்துவிட்டதாக வந்து சொன்னாள். ஜன்னல்களைத் துடைத்து, ஒரு மாணவிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். அந்தப் பெண் கதவைப் படார் படாரென்று சாத்துகிறாள் என்று புகார் வேறு.

லம்ப்ரினி அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதத்துக்குத் தேதி கொடுத்தாள்.